எட்டாயிரம் வெள்ளி மைக்கும் அத்தையின் வீணையும்

“அக்கா, நீங்கதான் ரேடியோவுல இருக்கீங்க. எந்த மைக் வாங்கலாம்னு நீங்களே சொல்லிடுங்க.”

மூன்று மாதங்களுக்கு முன் என் வாட்ஸ்அப்பில் வந்த செய்தி இது. அனுப்பியவர் என் அத்தையிடம் வீணை கற்ற பழைய மாணவி. கிள்ளானில், ஒரு தாமான் வீட்டின் முன்னறையில், முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வீணை சொல்லிக் கொடுத்தவர் அத்தை. இப்போது விரல் மூட்டுகளில் தேய்மானம். ஒரு நாளைக்கு இருபது நிமிடம் வாசித்தால் அதிகம். அதற்கு மேல் வலி தாங்காது. அடுத்த ஆண்டு இந்த இருபது நிமிடமாவது மிஞ்சுமா என்ற கேள்விக்கு மருத்துவரும் உறுதியாகப் பதில் சொல்லவில்லை.

அதனால்தான் அவசரம். பழைய மாணவர்கள் ஒன்றுகூடி, ஆளுக்கு நூறு, நூற்றைம்பது என்று போட்டு 3,500 வெள்ளி சேர்த்துவிட்டார்கள். டீச்சரின் வாசிப்பை நல்ல தரத்தில் பதிவு செய்து வைக்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. ஸ்டூடியோவுக்கு வர அத்தை மறுத்துவிட்டார். “வீணையத் தூக்கிக்கிட்டு எங்கயோ போய், ஏர்கோன் குளிர்ல உட்கார்ந்து வாசிக்க என் விரல் கேட்காதும்மா” என்றார். ஆகவே வீட்டிலேயே பதிவு செய்வது என்று முடிவானது.

ஊடகத் துறையில் பட்டம் வாங்கியவள், தினமும் மைக் முன்னால் உட்கார்ந்து பேசுகிறவள் என்ற தைரியத்தில் நானும் உடனே பதில் போட்டேன்: “இன்னும் கொஞ்சம் சேர்த்து உயர்தர மைக் ஒன்றை வாங்கிவிடுவோம். மலிவு மைக்கில் வீணை சரியாக வராது.”

அன்றிரவு, விளம்பரப் படங்களுக்கு ஒலிப்பதிவு செய்யும் நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “அந்த வீட்டுக் காத்தாடிய நிறுத்திட்டு எப்பவாவது உட்கார்ந்து கேட்டிருக்கியா?”

இல்லை. நான் கேட்டதே இல்லை.

பென்சில் அளவு மைக்

நாங்கள் பேசிக்கொண்டிருந்தது சிறிய கண்டென்சர் மைக் பற்றி. கச்சேரி மேடைகளில் மிருதங்கத்துக்கு மேலேயும், பாடகர் குழுவுக்கு முன்னாலும் ஒல்லியான உலோகக் குழாய் போல ஒன்று நிற்கும். பலரும் அதைப் பென்சில் மைக் என்பார்கள். வானொலியில் நாங்கள் பேசுவதற்குப் பயன்படுத்தும் பெரிய மைக் வேறு, இது வேறு.

இதன் தலைப்பகுதியில் சில மைக்ரோன் பருமனே உள்ள ஒரு மெல்லிய சவ்வு இருக்கும். அதன் பின்னால், மயிரிழை இடைவெளியில், ஓர் உலோகத் தட்டு. இரண்டுக்கும் நடுவே மின்னூட்டம். ஒலி வந்து மோதும்போது சவ்வு அசைகிறது, இடைவெளி கூடிக் குறைகிறது, அந்த மாற்றம் மின்சைகை ஆகிறது. 1916-ல் அமெரிக்கப் பொறியாளர் இ.சி. வென்டே இந்த முறையை உருவாக்கினார். நூறு ஆண்டு கடந்தும் அடிப்படை மாறவில்லை. சவ்வு சிறியதாகவும் லேசாகவும் இருப்பதால், தந்தியை மீட்டும் அந்தக் கணத்தை இது துல்லியமாகப் பிடிக்கும். வீணை, கிட்டார், வயலின், மிருதங்கம் ஆகியவற்றுக்கு இதைத் தேர்ந்தெடுப்பது அதனால்தான்.

இந்த மைக்குகளுக்கும் வானொலிக்கும் பழைய உறவு உண்டு. கண்டென்சர் மைக் இயங்க 48 வோல்ட் மின்சாரத்தை மைக் கம்பி வழியாகவே அனுப்புகிறோம் அல்லவா? அந்த 48 என்ற எண் நார்வே நாட்டு வானொலியில் இருந்து வந்தது. குளிர்காலத்தில் பகல் வெளிச்சம் குறைவான நாடு அது. வானொலி நிலையத்தில் துணை விளக்குகளுக்காக 48 வோல்ட் மின்சாரம் ஏற்கெனவே இருந்தது. 1966-ல் பெர்லினின் நியூமன் நிறுவனம் அவர்களுக்காகச் செய்து கொடுத்த சிறிய மைக் அந்த மின்சாரத்திலேயே இயங்கியது. கே.எம். 84 என்ற அந்த மைக்கின் வழியில் வந்ததுதான் இன்று பலரும் விரும்பும் கே.எம். 184. இப்போது 320 வெள்ளிக்கு வாங்கும் மலிவு மைக்குக்கும் அதே 48 வோல்ட்தான்.

ஒரே நேரத்தில் நான்கு மைக்

நண்பரிடம் கே.எம். 184 ஒரு ஜோடி இருந்தது. நம் ஊரில் புதிதாக வாங்கினால் ஒன்று ஏறத்தாழ நான்காயிரம் வெள்ளி, ஜோடி எட்டாயிரத்தைத் தொடும். என்னிடம் இருந்தது 2020-ல் நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது, வீட்டில் இருந்து நிகழ்ச்சி செய்த நாட்களில், இணையத்தில் வாங்கிய மலிவு ஜோடி. பெட்டி, தாங்கி எல்லாம் சேர்த்து 320 வெள்ளி. விலையில் இருபத்தைந்து மடங்கு வித்தியாசம்.

“வாங்குறதுக்கு முன்னாடி ஒரு சாயங்காலம் ரெண்டையும் வெச்சுப் பார்த்துடலாம்” என்றார் நண்பர். அத்தையின் இருபது நிமிடத்தைச் சோதனைக்காக வீணடிக்க எனக்கு மனமில்லை. அதற்கும் அவரிடம் வழி இருந்தது. நான்கு மைக்குகளையும் ஒரே நேரத்தில் பதிவு செய்யும் கருவியைக் கொண்டு வந்தார். அத்தை ஒரு முறை வாசித்தால் போதும், நான்கும் ஒரே வாசிப்பைத்தான் கேட்கும். வேறு வேறு நேரத்தில் வாசித்ததை ஒப்பிட்டால், நாம் ஒப்பிடுவது மைக்கையா வாசிப்பையா என்று தெரியாமல் போய்விடும்.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை நான்கரை மணி. அத்தை வெந்நீரில் கையை நனைத்து, எண்ணெய் தேய்த்து, விரல்களை இளக்கிக்கொண்டு உட்கார்ந்தார். மைக்குகளை அருகருகே, வீணையில் இருந்து 80 சென்டிமீட்டர் தூரத்தில் வைத்தோம். கல்யாணி ராக ஆலாபனை, கொஞ்சம் தானம். பன்னிரண்டு நிமிடம். நடுவே வழக்கம்போல் தெருவில் ரொட்டிக்காரர் மோட்டாரில் ‘பாம் பாம்’ என்று போனார். சோதனைதானே என்று யாரும் நிறுத்தவில்லை.

கண்ணைக் கட்டாத குறை

பதிவில் இருந்து அரை நிமிடத் துண்டுகளாக எட்டு எடுத்து, ஒவ்வொன்றையும் இரண்டு மைக்கிலும் ஒலிக்கவிட்டார் நண்பர். எது எந்த மைக் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். ஒலி அளவைச் சரிசமமாக வைத்தார். இது முக்கியம். கொஞ்சம் சத்தமாக ஒலிப்பதைத்தான் நம் காது ‘நல்ல தரம்’ என்று சொல்லும். ஒலி அளவைச் சமன் செய்யாமல் இரண்டு மைக்கை ஒப்பிடும் காணொளிகளை நம்பிக் காசைக் கொடுத்துவிடாதீர்கள்.

கேட்டவர்கள் நான்கு பேர்: அத்தை, மாமா, அந்த மாணவி, நான். எட்டில் மாமா ஐந்து சரியாகச் சொன்னார். மாணவி நான்கு. நானும் நான்கு. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அந்த நான்கு கிடைத்திருக்கும். இன்னும் சொன்னால், ஓரிடத்தில் நான் அடித்துப் பேசி “இதுதான் விலை அதிகமான மைக்” என்றது என் சொந்த 320 வெள்ளி மைக்கை.

அத்தை மதிப்பெண் போடவே வரவில்லை. “ரெண்டுலயும் நம்ம வீட்டு சத்தம்தான் பெருசா கேட்குது” என்று மட்டும் சொன்னார்.

அவர் சொன்னதுதான் உண்மை. பதிவைத் திரும்பக் கேட்டபோது குளிர்சாதனப் பெட்டியின் ரீங்காரம், காத்தாடி, தெருவில் போகும் வண்டிகள், தரை ஓட்டிலும் சிமெண்டுச் சுவரிலும் மோதித் திரும்பும் எதிரொலி என எல்லாம் வீணையோடு கலந்திருந்தன. எட்டாயிரம் வெள்ளி மைக் அத்தனையையும் மிக நேர்மையாகப் பதிவு செய்திருந்தது.

13, 19, 30

ஏன் வித்தியாசம் தெரியவில்லை? மூன்று எண்களில் பதில் இருக்கிறது.

எந்த மைக்குக்கும் தனக்கென்று ஓர் இரைச்சல் உண்டு. முழு அமைதியிலும் ‘ஸ்ஸ்’ என்று கேட்கும் மெல்லிய ஒலி அது. கே.எம். 184-க்கு அது 13 டெசிபல். என் மலிவு மைக்கின் கையேட்டில் 19 டெசிபல் என்று போட்டிருந்தது. ஆறு டெசிபல் வித்தியாசம் என்பது ஒலியழுத்தக் கணக்கில் இரண்டு மடங்கு. ஏட்டில் பார்த்தால் பெரிய வித்தியாசம்தான்.

ஆனால் நம் வீட்டு முன்னறை நடு இரவில் அமைதியாக இருக்கும்போதே 30 டெசிபல் அளவில் இருக்கும். காத்தாடி சுழன்றால் 40-ஐத் தாண்டும். அந்த இரைச்சலுக்கு அடியில் 13-ம் 19-ம் இரண்டுமே மூழ்கிவிடும். சந்தையில் நின்றுகொண்டு இரண்டு பேர் கிசுகிசுப்பதில் யார் குரல் மெல்லியது என்று கேட்பது போலத்தான்.

இன்னொரு கணக்கையும் நண்பர் காட்டினார். ஒலி வரும் இடத்துக்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால், நேரடியாக வரும் ஒலி சுமார் ஆறு டெசிபல் கூடும். அதாவது 80 சென்டிமீட்டரில் இருந்த மைக்கை 40 சென்டிமீட்டருக்கு நகர்த்தினாலே, இரைச்சலுக்கு மேலே வீணை எழும்பி நிற்பதில் அதே ஆறு டெசிபல் கிடைத்துவிடுகிறது. செலவு ஒன்றுமில்லை.

காத்தாடியை நிறுத்திய பிறகு

மறுவாரம் இரவு ஒன்பதரை மணிக்கு மீண்டும் போனோம். காத்தாடி, குளிர்சாதனப் பெட்டி, மீன்தொட்டி மோட்டார் எல்லாவற்றையும் நிறுத்தினோம். இரண்டு மெத்தைகளைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்தோம். தரையில் கம்பளிகளை விரித்தோம். சன்னலுக்குக் கனமான போர்வை. மாமா, “வீடு மாறிப் போற மாதிரி இருக்கே” என்றார்.

மைக்குகளை 40 சென்டிமீட்டருக்கு நகர்த்தினோம். வீணையின் குடத்துக்கு நேரே வைத்தால் ஒலி குமுறும். இந்த வகை மைக் மிக நெருங்கினால் கீழ்ஸ்தாயியை ஊதிப் பெருக்கும் குணமும் உடையது. அதனால் குதிரைக்கும் கடைசி மெட்டுகளுக்கும் இடைப்பட்ட பகுதியைப் பார்த்தபடி, சற்று மேலிருந்து சாய்த்து வைத்தோம். இரண்டு மைக்குக்கும் நடுவே 17 சென்டிமீட்டர் இடைவெளி. இது பிரான்ஸ் நாட்டு ஒலிபரப்பு நிலையம் வகுத்த முறை. அவர்கள் கணக்கில் இரண்டு மைக்கும் 110 பாகை விரிந்து நிற்கும். ஒற்றை வீணைக்கு அது அதிகம் என்று கோணத்தைக் குறைத்துக்கொண்டோம்.

அத்தை தோடி வாசித்தார். வீணையில் ஒரு முறை மீட்டிவிட்டு, தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தே மூன்று நான்கு சுரங்களைக் கொண்டு வருவார்கள். கடைசிச் சுரம் வரும்போது ஒலி ஏறக்குறைய அடங்கிவிடும். தோடியின் உயிர் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

இந்த முறை எட்டில் ஏழு சரியாகச் சொன்னேன். மாணவியும் ஏழு. மாமாவுக்கு நான்கு. “எனக்கு ரெண்டும் வீணைதான்” என்று தூங்கப் போய்விட்டார்.

அப்போதுதான் எட்டாயிரம் வெள்ளி எதற்கு என்று புரிந்தது. அடங்கிப் போகும் கடைசிச் சுரம் மலிவு மைக்கில் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சலுக்குள் கரைந்தது. விலை கூடிய மைக்கில் அது முடிகிற இடம் வரை கேட்டது. மீட்டும் நகத்தின் ஒலி மலிவு மைக்கில் கூர்மையாக, முதலில் ‘தெளிவு’ போலத் தோன்றி, பத்து நிமிடத்தில் காதைக் களைப்பாக்கியது. அத்தை வாசிக்கும்போது லேசாக அசைவார். அவர் நேர்கோட்டில் இருந்து விலகியபோதெல்லாம் மலிவு மைக்கில் வீணையின் நிறம் மாறியது. மற்றதில் அவ்வளவாக மாறவில்லை. என் ஜோடியில் இரண்டு மைக்கும் ஒரே மாதிரி இல்லை என்பதும் அன்றுதான் தெரிந்தது. ஒன்று மற்றதைவிடச் சற்று மந்தம்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். கே.எம். 184-ம் முழுக்க நடுநிலையான மைக் அல்ல. மேல்ஸ்தாயியில் கொஞ்சம் பளபளப்புக் கூட்டும். பழைய கே.எம். 84-ஐயே விரும்புகிற ஒலிப்பதிவாளர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

நம் ஊர் ஈரம்

இரண்டாம் பதிவு இரவில் பெரிய மழை. நின்ற பிறகு தொடங்கலாம் என்று காத்திருந்து மைக்கைத் திறந்தால், என் மலிவு மைக் ஒன்றில் ‘பட் பட்’ என்று வெடிப்பு ஒலி. மின்னூட்டம் உள்ள அந்த மயிரிழை இடைவெளியில் ஈரம் சேர்ந்தால் மின்சாரம் கசியும், இப்படி ஒலிக்கும். நான் அதை நான்கு ஆண்டுகளாக அலமாரியில், வாங்கிய பெட்டியிலேயே போட்டு வைத்திருந்தேன். தப்பு என்னுடையது. விலை கூடிய மைக்கையும் இப்படி வைத்தால் கெட்டுப்போகும்.

நம் நாட்டில் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டுவது சர்வசாதாரணம். படக்கருவி வைத்திருப்பவர்கள் பயன்படுத்தும் ஈரம் நீக்கும் அலமாரியில், 40 முதல் 50 விழுக்காட்டு ஈரப்பதத்தில் வைப்பது நல்லது. அது இல்லாவிட்டால், இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். பொட்டலங்களை அவ்வப்போது மாற்றுங்கள். ஈரமான வெளிப்புறங்களில் பதிவு செய்பவர்கள் சென்ஹைசரின் எம்.கே.எச். வரிசையை விரும்புவதற்குக் காரணம், அது வேறு முறையில் இயங்கி ஈரத்தைத் தாங்குவதுதான்.

அப்படியானால் எதை வாங்குவது?

தாத்தா சொல்லும் தோட்டத்துக் கதை, பாட்டியின் தாலாட்டு. இவற்றுக்கு மைக்கே வேண்டாம். கைப்பேசியை ஒரு சாண் தூரத்தில் துணி மேல் வைத்து, காத்தாடியை நிறுத்தி, அழைப்பு வராதபடி செய்து, இன்றே பதிவு செய்யுங்கள்.

பிள்ளை வயலினோ மிருதங்கமோ கற்கிறான், பயிற்சியைப் பதிவு செய்ய வேண்டும் என்றால் மலிவு ஜோடி போதும். மிருதங்கம் சத்தமான வாத்தியம், மைக்கின் இரைச்சல் தெரியவே தெரியாது. வாங்கியதும் இரண்டு மைக்கையும் ஒட்டி வைத்து ஒரே குரலைப் பதிவு செய்து பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பாட்டு, வாத்தியம் என்று அடிக்கடி பதிவு செய்பவர்களுக்கு நடுத்தர விலையில் மைக்குகள் உண்டு. ரோட் நிறுவனத்தின் என்.டி.5 போன்றவற்றின் இரைச்சல் அளவு 16 டெசிபல், அதாவது நான் சொன்ன இரண்டுக்கும் நட்ட நடுவில்.

உயர்தர மைக்கை, அறையை அமைதியாக்கிவிட்டு, மெல்லிய ஒலியுள்ள ஒன்றைப் பதிவு செய்யும்போது தேடுங்கள். அதையும் வாங்க வேண்டியதில்லை. வாடகைக்கு எடுக்கலாம்.

நாங்கள் செய்தது அதைத்தான். கே.எம். 184 ஜோடிக்கு மூன்று இரவு வாடகை 450 வெள்ளி. தாங்கிகள், கம்பிகள் 280. பதிவைச் சீர்செய்து தொகுத்துக் கொடுத்ததற்கு நண்பர் வாங்கிக்கொண்டது 900. மீதம் 1,870 வெள்ளி. அதை அத்தையின் விரல்களுக்கான பிசியோதெரபிக்கு என்று மாணவர்களே ஒதுக்கிவிட்டார்கள். என் முதல் யோசனையைக் கேட்டு மைக் வாங்கியிருந்தால், காசு போதாமல் கடனும் நின்றிருக்கும். வாங்கிய மைக் இப்போது என் அலமாரியில் ஈரம் குடித்துக்கொண்டிருக்கும்.

மூன்று இரவுகளில் ஒன்பது உருப்படிகள் கிடைத்தன. ஒன்று மட்டும் குறை. இரவில் அத்தையின் விரல்கள் கொஞ்சம் இறுகிவிடுகின்றன. பதிவு தூய்மையாக இருக்கிறது, வாசிப்பில் அந்தச் செவ்வாய்க்கிழமை மாலையின் ஓட்டம் இல்லை. எல்லாவற்றையும் கேட்டு முடித்த அத்தை, “முதல் நாள் வாசிச்ச கல்யாணி எங்கம்மா? அத முதல்ல போடு” என்றார்.

“அதுல ரொட்டிக்காரர் ஹார்ன் இருக்கு அத்தை. கம்ப்யூட்டர்ல எடுத்துடச் சொல்றேன்.”

“எதுக்கு எடுக்கணும்? இத்தனை வருஷமா அந்த ஹார்ன் கேட்டுதான் என் பிள்ளைங்களுக்குக் கிளாஸ் முடியும். இருக்கட்டும்.”

இருக்கிறது. மாணவர்கள் கையில் இப்போதுள்ள தொகுப்பின் முதல் உருப்படி அதுதான். அதற்கு எந்த ஜோடி மைக்கின் பதிவை எடுத்தீர்கள் என்று நண்பரிடம் நான் இன்னும் கேட்கவில்லை.